பெயர் பெரிது, வேடம் சிறிது: 'கீசர் டீசர்' படங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

முதுமையை எட்டிய நட்சத்திரங்களின் பெயரை முன்னிறுத்திக் குறைந்த செலவில் எடுக்கப்படும் ஹாலிவுட் படங்களைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

*

கேள்வி: ஓடிடி தளம் ஒன்றில், புரூஸ் வில்லிஸின் முகம் போஸ்டரை நிறைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்தேன். முழுப் படத்திலும் அவர் கால் மணி நேரம்கூட வரவில்லை. இத்தகைய படங்களைக் 'கீசர் டீசர்' என்று கேலி செய்கிறார்களே, அது என்ன? (திருச்சி வாசகர்)

பதில்: குளியலறையில் வெந்நீர் தரும் கீசருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆங்கிலப் பேச்சு வழக்கில் வயதானவரைச் சற்று எள்ளலோடு குறிக்கும் சொல் அது. நம் ஊரில் 'பெருசு' என்பார்களே, ஏறக்குறைய அந்தத் தொனி. 'டீசர்' என்ன என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் உலகமெங்கும் திரையரங்குகளை நிரப்பிய நடிகர் ஒருவரை ஓரிரு நாள் கால்ஷீட்டுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்து, அவருடைய முகத்தைப் போஸ்டரின் நடுவில் பெரிதாக வைத்து, கதையைச் சுமக்கும் வேலையை அதிகம் அறியப்படாத வேறொரு நடிகரிடம் விட்டுவிடும் சிறு பட்ஜெட் அடிதடிப் படங்களுக்கே இந்தப் பட்டம் வழங்கப்பட்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் 'நியூயார்க்' பத்திரிகையின் 'வல்ச்சர்' தளம் தயாரிப்பாளர் ராண்டல் எம்மெட்டைப் பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரை இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் திரைத்துறைக்கு வெளியிலிருப்பவர்களும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

*

கேள்வி: ஓரிரு நாள் வேலைக்குக் கோடிக்கணக்கில் கொடுத்துவிட்டுப் படத்தை ஏனோதானோவென்று எடுத்தால் தயாரிப்பாளருக்கு நஷ்டம்தானே வரும்? இந்தக் கணக்கு எப்படித் தேறுகிறது? (மதுரை வாசகர்)

பதில்: நஷ்டம் வரும் வழிகளில் பெரும்பாலானவை படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அடைக்கப்பட்டுவிடுகின்றன என்பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் கான் நகரில் திரைப்பட விழாவை ஒட்டி ஒரு பெரும் சந்தை கூடுகிறது. இலையுதிர் காலத்தில் 'அமெரிக்கன் ஃபிலிம் மார்க்கெட்' என்ற இன்னொரு சந்தை நடக்கிறது. அது பல்லாண்டுகள் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் கூடிவந்தது. அங்கே விற்பனைக்கு வருபவை எல்லாம் எடுத்து முடிக்கப்பட்ட படங்கள் அல்ல. ஒரு போஸ்டர், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், நடிகர்களின் பெயர்கள் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கு இவ்வளவு, ஜப்பானுக்கு இவ்வளவு, மத்திய கிழக்கு நாடுகளுக்கு இவ்வளவு என்று நாடுவாரியாக உரிமையைப் பேசி முடிப்பார்கள். செங்கல்பட்டு, வட ஆற்காடு - தென் ஆற்காடு, கோவை, மதுரை என்று ஏரியா பிரித்து, கதாநாயகனின் பெயரைக் கேட்ட உடனே விநியோகஸ்தர்கள் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) பேசி அட்வான்ஸ் கொடுத்து, அந்தப் பணத்திலேயே படம் வளர்ந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஏரியா இருந்த இடத்தில் நாடு இருக்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டு விநியோகஸ்தர் கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தில் இன்ன தொகையைக் குறைந்தபட்ச உத்தரவாதமாகத் தருகிறேன் என்ற உறுதி இருக்கும். படம் கைக்கு வரும்போதுதான் பெரும்பகுதிப் பணம் தரப்படும். இதற்கென்றே இருக்கும் கடன் நிறுவனங்கள் அந்த ஒப்பந்தங்களைப் பிணையாக வாங்கிக்கொண்டு தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே கடன் தருகின்றன. நட்சத்திரத்தின் பெயர் எத்தனை முக்கியமானது என்பது இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. குறிப்பிட்ட நடிகர் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் இன்றியமையாத அம்சமாக எழுதப்பட்டிருப்பதால், அவருக்குப் பதிலாக வேறொருவரைப் போட்டால் படத்தை வாங்க மறுக்கும் உரிமை விநியோகஸ்தருக்கு உண்டு. அவர் எத்தனை நிமிடம் திரையில் வர வேண்டும் என்பதிலும் சில வாங்குபவர்கள் கறாராக இருப்பார்கள். ஆனால் அந்த நிமிடங்களில் அவர் நன்றாக நடிக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.

இதனோடு அமெரிக்க மாநிலங்களின் வரிச்சலுகையும் சேர்ந்துகொள்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் செலவழிக்கும் தொகையில் 20 விழுக்காடும், படத்தின் முடிவில் அந்த மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தைக் காட்டினால் கூடுதலாக 10 விழுக்காடும், கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாகக் கிடைக்கும். அதை வரி கட்ட வேண்டிய வேறொரு நிறுவனத்துக்கு விற்றுக் காசாக்கவும் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்க ஆட்சிப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவும் இத்தகைய சலுகையால் படக்குழுக்களை ஈர்க்கிறது. எம்மெட்டே இயக்கிய 'மிட்நைட் இன் தி ஸ்விட்ச்கிராஸ்' (2021) அங்கேதான் படமானது. வெளிநாட்டு விற்பனையையும் வரிச்சலுகையையும் கூட்டிப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே செலவின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

எஞ்சியிருப்பது உள்நாட்டுச் சந்தை. பெயருக்குச் சில திரையரங்குகளிலும், அதே நாளில் வீட்டுத் திரையிலும் படத்தை வெளியிடுவது வழக்கம். அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளின் வாசலில் நின்ற 'ரெட்பாக்ஸ்' என்னும் சிவப்பு இயந்திரங்களும் நெடுங்காலம் இந்தப் படங்களுக்குச் சோறு போட்டன. 2002இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கிய இவற்றில் ஓர் இரவுக்கு ஒரு டாலர் வாடகையில் டிவிடி கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்க வந்தவர் அந்த இயந்திரத்தின் முன் நின்று விமர்சனமா படித்துக்கொண்டிருப்பார்? தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட்டால் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ரெட்பாக்ஸை வாங்கிய நிறுவனம் 2024இல் திவாலாகி, இயந்திரங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் தபால்தலை அளவுப் படங்களை விரலால் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுக்கும் ஓடிடி பார்வையாளரும் ஏறத்தாழ அதே அவசரத்தில்தான் இருக்கிறார்.

ஆகவே, நீங்களும் நானும் இந்தப் படங்களின் முதல் வாடிக்கையாளர்கள் அல்லர். விநியோகஸ்தரும் கடன் கொடுத்தவரும் நமக்கு முன்பே வரிசையில் நின்று வாங்கிப் போய்விட்டார்கள்; அவர்களுக்கு வேண்டிய பெயர் சரியாகவே வழங்கப்பட்டது.

*

கேள்வி: ஒரே நாளில் நடித்து முடித்தவரைப் படம் முழுக்க இருப்பதுபோல் எப்படிக் காட்டுகிறார்கள்? ஏமாறாமலிருக்க அடையாளம் ஏதேனும் உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: நட்சத்திரத்தின் காட்சிகள் அனைத்தும் ஓர் அறையிலோ ஒரு வீட்டின் முற்றத்திலோ நடப்பதாகக் கதையைத் திருத்தி எழுதுகிறார்கள். அவர் காவல்துறை உயர் அதிகாரியாகவோ ஓய்வுபெற்ற உளவாளியாகவோ கூட்டத் தலைவனாகவோ இருப்பார். நாற்காலியில் அமர்ந்தபடி தொலைபேசியில் ஆணைகளைப் பிறப்பிப்பார். ஒரு பகலில் எடுத்த அந்தக் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் படத்தின் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் தூவிவிட்டால், அவர் கதை நெடுகிலும் இருந்தார் என்ற மயக்கம் உண்டாகிவிடும். எதிரே இருப்பவர் பேசும்போது தெரியும் தோளும் பின்னந்தலையும் பெரும்பாலும் டூப் நடிகருடையவை. ஓடுவது, விழுவது, மாடிப்படி ஏறுவது எல்லாம் அவர் பொறுப்பே.

அடையாளம் கேட்டிருக்கிறீர்கள். கதைப்படி பல நாள்கள் கடந்தும் நட்சத்திரத்தின் சட்டை மாறவில்லை என்றாலோ, கதாநாயகனும் அவரும் ஒரே அகலமான சட்டகத்தில் ஒருமுறைகூட முகம் தெரிய நிற்கவில்லை என்றாலோ ஐயப்படலாம். பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ள விரும்பினால், போஸ்டரில் பெரிதாக இருக்கும் அந்த முகத்துக்குரிய பெயர் நடிகர் பட்டியலில் கடைசியாக, 'மற்றும்' என்ற சொல்லுக்குப் பின்னால் தனியாக இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

*

கேள்வி: புரூஸ் வில்லிஸ் நோயுற்றிருந்தபோதுதான் இந்தப் படங்களில் நடித்தார் என்கிறார்களே! அவரைக் கேலி செய்தவர்கள் வருந்த வேண்டாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: சிலர் வெளிப்படையாகவே வருந்தினார்கள். ஆண்டின் மோசமான படங்களைக் கேலி செய்து வழங்கப்படும் 'ராஸி' விருதுக் குழு, 2021ஆம் ஆண்டுக்கான பட்டியலில் வில்லிஸுக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கியது. அந்த ஓர் ஆண்டில் வந்த அவருடைய எட்டுப் படங்கள் தம்முள் போட்டியிட்டன. 2022 மார்ச் மாத இறுதியில் 'காஸ்மிக் சின்' படத்துக்கு அந்த 'விருது' அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில், மார்ச் 30ஆம் தேதியன்று, பேச்சையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பாதிக்கும் அஃபேசியா என்னும் குறைபாட்டால் அவர் நடிப்பிலிருந்து விலகுவதாகக் குடும்பத்தினர் தெரிவித்தார்கள். ராஸி குழு தன் விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருக்கு இருப்பது மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் ஒருவகை மறதிநோய் என்று 2023 பிப்ரவரியில் குடும்பத்தினர் அறிவித்தார்கள்.

ஓய்வு அறிவிப்பு வெளியான அதே நாளில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' வெளியிட்ட செய்தி கேலி செய்தவர்களை மட்டுமன்றித் தொழிலையே சங்கடத்தில் ஆழ்த்தியது. நான்கு ஆண்டுகளில் அவர் 22 படங்களில் நடித்திருந்தார் என்றும், இரண்டு நாள் வேலைக்கு 20 லட்சம் டாலர் வரை, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 15 கோடி ரூபாய், ஊதியம் பேசப்பட்டது என்றும், காதில் பொருத்திய சிறு கருவியின் வழியே அவருக்கு வசனங்கள் சொல்லித்தரப்பட்டன என்றும் அந்தச் செய்தி விவரித்தது. 2021இல் வெளியான 'அவுட் ஆஃப் டெத்' படத்தின் இயக்குநர், வில்லிஸின் பகுதியை ஏறத்தாழ ஐந்து பக்கம் குறைத்து வசனங்களைச் சுருக்கும்படி எழுத்தாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தில் அவர் நடிக்க வேண்டியவை அனைத்தும் ஒரே நாளில் எடுக்கப்பட்டன.

இதில் யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுத நான் முன்வரவில்லை. நினைவு மங்கத் தொடங்கிய ஒருவர் தமக்குப் பழக்கமான வேலையைச் செய்ய விரும்புவது இயல்பானது. வேலை செய்ய இயலும் காலத்துக்குள் குடும்பத்துக்குச் சேர்த்து வைக்க எண்ணியிருந்தாலும் அதில் பிழை காண முடியாது. ஆனால் இந்த வியாபாரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். வசனத்தைக் குறைக்கலாம், டூப் போடலாம், ஒரே நாளில் முடிக்கலாம் என்ற வசதிகளெல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. உடல்நலத்தோடு இருந்தும் அக்கறையின்றி நடித்த பிறருக்காக வகுக்கப்பட்ட அதே முறை, நோயுற்ற ஒருவரின் தளர்ச்சியை வெளியே தெரியாமல் மூடி மறைக்கவும் பயன்பட்டுவிட்டது. நடிகர் தடுமாறினால் படம் நின்றுபோகும் என்ற நிலை இருந்திருந்தால், யாரேனும் ஒருவர் முன்னதாகவே வாய் திறந்திருப்பார்.

'டை ஹார்ட்' (1988) படத்தில் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகளின் மேல் ஓடிய அந்த மனிதரை நினைவில் வைத்திருப்பவர்கள், பிந்தைய படங்களைப் பார்க்காமல் விட்டுவிடுவதால் எதையும் இழக்கப் போவதில்லை.

*

கேள்வி: நிக்கோலஸ் கேஜ், ஸ்டாலோன், லியாம் நீசன் எல்லோரும் இந்தப் பட்டியலில் சேர்கிறார்களா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது. கேஜுக்குப் பெரும் கடனும் வரிப் பாக்கியும் இருந்தன. அவற்றை அடைப்பதற்காகக் கிடைத்த படங்களையெல்லாம் ஒப்புக்கொண்டதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் எந்தப் படத்திலும் கடமைக்கு நடித்ததில்லை என்பதும் அவருடைய வாதம். அதை ஏற்காமலிருக்கக் காரணமில்லை. 'மேண்டி' (2018), 'பிக்' (2021) ஆகிய இரண்டும் சிறு பட்ஜெட் படங்களே. அவற்றில் கதையைச் சுமப்பவர் கேஜ்தான். காணாமற்போன தன் பன்றியைத் தேடி அலையும் மனிதராக அவர் 'பிக்' படத்தில் காட்டிய அடக்கம் இளமைக் காலப் படங்கள் பலவற்றில் கிடைக்காதது.

'டேக்கன்' (2008) வெளிவந்தபோது நீசனுக்கு வயது 55. அதற்குப் பிறகு அவர் ஒரே வார்ப்பில் பல படங்களைத் தந்துவிட்டார் என்று குறை கூறலாம். ஆனால் தாமே கதாநாயகனாக நின்று படத்தைத் தோளில் சுமக்கிறார். ஸ்டாலோனின் 'எஸ்கேப் பிளான் 2' (2018) அப்படியல்ல. போஸ்டரில் தெரியும் அளவுக்கு அவர் படத்தில் தெரியவில்லை என்ற குறை எழுந்தது. மறு ஆண்டில் அவரே இன்ஸ்டாகிராமில், தாம் நடிக்க நேர்ந்தவற்றுள் மிகக் கேவலமாகத் தயாரிக்கப்பட்ட படம் அதுதான் என்று போட்டு உடைத்தார். அந்தத் தொடரின் மூன்றாம் படத்துக்கான விளம்பரத்தின்போது இப்படிச் சொன்னார் என்பது கூடுதல் சுவை!

ஸ்டீவன் சீகல் தனி ரகம். 2000களின் தொடக்கத்திலிருந்து அவருடைய படங்கள் பெரும்பாலும் திரையரங்கை எட்டிப் பார்க்காமல் நேராக டிவிடியாகவே வந்தன. ருமேனியா, பல்கேரியா போன்ற நாடுகளில் செலவைச் சுருக்கி எடுக்கப்பட்ட அவற்றில் சண்டைக் காட்சிகளுக்கு டூப் இருந்தது போதாதென்று, சிலவற்றில் அவருக்குப் பதிலாகக் குரலும் வேறொருவர் கொடுத்திருக்கிறார்.

*

கேள்வி: இது இந்தக் காலத்து வழக்கமா, முன்பும் இருந்ததா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முன்பும் இருந்தது; இறந்தவரைக்கூட விட்டுவைக்கவில்லை. 1931இல் டிராகுலாவாக நடித்து உலகப் புகழ் பெற்ற பேலா லுகோசி, வறுமையிலும் போதைப் பழக்கத்திலும் நலிந்து 1956 ஆகஸ்டில் காலமானார். குறிப்பான கதை எதுவுமின்றி அவரைச் சில நிமிடங்கள் படம்பிடித்து வைத்திருந்த இயக்குநர் எட் வுட், அந்தத் துண்டுகளை நுழைத்து 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற படத்தை உருவாக்கி, லுகோசியின் பெயராலேயே விளம்பரமும் செய்தார். மீதிக் காட்சிகளில், எட் வுட் குடும்பத்துக்குத் தெரிந்த முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் மேலங்கியால் முகத்தை மறைத்தபடி நடமாடுகிறார். அவர் லுகோசியைவிட உயரமானவர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் இதே முறையிலிருந்து ஒரு நல்ல படமும் பிறந்திருக்கிறது. சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன், 1963இல் வேறொரு படத்துக்காகப் போட்ட அரங்கைப் பிரிப்பதற்குள் அதே அரங்கில் பழம்பெரும் பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லாஃபைச் சில நாள் நடிக்கவைத்து 'தி டெரர்' என்ற படத்தை எடுத்தவர். பின்னர், கார்லாஃப் தமக்குத் தர வேண்டிய கால்ஷீட் இரண்டு நாள் பாக்கி இருப்பதை நினைவில் கொண்டு, பீட்டர் பொக்டனோவிச் என்ற இளைஞரை அழைத்தார். அந்த இரண்டு நாள்களில் கார்லாஃபை வைத்து இருபது நிமிடம் எடு, 'தி டெரர்' படத்திலிருந்து இருபது நிமிடம் வெட்டிக்கொள், மற்ற நடிகர்களை வைத்து நாற்பது நிமிடம் எடுத்து ஒட்டு என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. கணக்கு முழுக்கக் கீசர் டீசர் கணக்கு. பொக்டனோவிச்சோ, தன் பேய்ப்படங்களைக் கண்டு இனி யாரும் அஞ்சப் போவதில்லை என்று சலித்து ஓய்வுபெற முடிவு செய்யும் ஒரு முதிய நடிகரையும், காரணமே இல்லாமல் துப்பாக்கியோடு கிளம்பும் ஓர் இளைஞனையும் எதிரெதிரே நிறுத்தி 'டார்கெட்ஸ்' (1968) என்ற படத்தை உருவாக்கினார். கார்லாஃபுக்கு அப்போது வயது 80. அவருடைய முதுமையை மறைத்து வைக்காமல் அதையே கதைக்கு அச்சாணியாக்கியதால் அந்தப் படம் இன்றும் மதிக்கப்படுகிறது. இந்த வகையில் ஒன்றையேனும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

*

கேள்வி: அப்படியானால் ரஜினி, கமல் படங்களும் கீசர் டீசர்தானே? (ஈரோடு வாசகர்)

பதில்: வம்புக்கு இழுக்கிறீர்கள்! வயது இங்கே அளவுகோல் அல்ல. 'விக்ரம்' (2022) வெளியானபோது கமல்ஹாசனுக்கு 67, 'ஜெயிலர்' (2023) வெளியானபோது ரஜினிகாந்துக்கு 72. இரண்டும் பெரும் பொருட்செலவில் திரையரங்குக்காகவே எடுக்கப்பட்டவை. நடிகர்களும் ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகவில்லை. ஒரே ஒரு காட்சியில் கௌரவத் தோற்றம் தரும் மூத்த நடிகரின் படத்தைச் சுவரொட்டியில் நாயகனுக்குச் சமமாக அச்சிடும் சின்னப் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தால், ஆம் என்று சொல்லியிருப்பேன்.

*

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் முகத்தையே உருவாக்கிவிடலாம் என்ற நிலையில் இனி அந்த ஒரு நாள் கால்ஷீட்டும் தேவைப்படாதோ? (கொழும்பு வாசகர்)

பதில்: அதற்கும் வில்லிஸே ஓர் எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டார். 2021இல் ரஷ்யத் தொலைபேசி நிறுவனமான மெகாஃபோனின் விளம்பரத்தில் வேறொரு நடிகரின் உடலில் அவருடைய முகம் கணினியால் பொருத்தப்பட்டது. 'டீப்கேக்' என்ற நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. மறு ஆண்டில், தம் முகத்தின் உரிமையையே அவர் அந்த நிறுவனத்துக்கு விற்றுவிட்டார் என்று பரவிய செய்தியை அவருடைய தரப்பு மறுத்தது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இது முக்கியமான பிரச்சினைகளுள் ஒன்றாக இருந்தது. நடிகரின் உருவத்தைக் கணினியில் மறுபடைப்புச் செய்ய அவருடைய ஒப்புதலும் அதற்குரிய ஊதியமும் கட்டாயம் என்ற விதி அதன் முடிவில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

எனவே சட்டப்படி நடப்பவர்களுக்கு நடிகரின் கையெழுத்து இன்னும் தேவைப்படுகிறது. கையெழுத்திட்டுவிட்டு அவர் வீட்டிலேயே இருந்துகொண்டால், கணினி வரைந்த முகத்தை 'இன்றியமையாத நடிகர்' என்று ஏற்றுக்கொண்டு வெளிநாட்டு விநியோகஸ்தர் பணம் கொடுப்பாரா என்பது அடுத்த கேள்வி. அதை இயக்குநர்களோ ரசிகர்களோ முடிவு செய்யப் போவதில்லை. கான் சந்தையில் ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர்கள் முடிவு செய்வார்கள்.